இடப்பக்கச் சுத்து

பெட்ஷீட் மடிக்க ரெண்டு பேர் வேணும். ஒத்த ஆளா மடிச்சா ஒரு முனை தரையில இழுபடும், இழுபட்டது மறுபடி தொட்டிக்குத்தான் போகணும். அதனால அந்தச் சலவைக் கூடத்துல மடிப்பு மேசைக்கு ஆள் போடும்போதே ஜோடியாத்தான் போடுவாங்க. ஒருத்தி லீவு போட்டா இன்னொருத்திக்கு அன்னைக்கெல்லாம் தலையணை உறைதான்.

மடிப்பக்காவுக்கு ஜோடி குண்டூசி. ஆளும் அந்த அளவு, பேச்சும் அந்த மாதிரி. பதினோரு வருஷமா ரெண்டு பேருக்கும் ஒரே மேசை. உதறு, இழு, பாதியா மடி, நடந்து கிட்ட வா, முனையைக் கையில குடு, குனிஞ்சு மடிப்பைத் தூக்கு, பின்னால போ. ஒரு நாளைக்கு நானூறு தடவை கிட்ட வந்து நானூறு தடவை விலகுவாங்க. கிட்ட வர்றப்ப ஒரு வார்த்தை, விலகுறப்ப ஒரு வார்த்தை. நடுவுல மெஷின் சத்தம். அதனால ஒரு விஷயத்தைப் பேசி முடிக்க ஏழெட்டு ஷீட்டு ஆகும்.

"கொட்டுக்காரரு சொல்லி அனுப்பியிருக்காரு, அக்கா" ன்னா குண்டூசி, முனையைக் குடுத்துக்கிட்டே.

விலகுனாங்க. உதறுனாங்க. கிட்ட வந்தாங்க.

"என்னவாம்?"

"லீவு நாளைக்குள்ள முடிவு சொல்லணுமாம்."

"எதுக்கு முடிவு?"

"அப்படியே ஒண்ணும் தெரியாத பச்சைப்பிள்ளை. நடுவுக்குத்தான்!"

மடிப்பக்கா ஷீட்டை வெடுக்குனு இழுத்தா. குண்டூசி ரெண்டு அடி முன்னால வந்து விழப் பார்த்தா. "என் கையைப் புடுங்கி எடுத்துட்டுப் போ, நல்லாருப்ப" ன்னா.

நடுன்னா என்னன்னு சொல்லணும். தெருக் கடைசியில ஒரு பழைய கிடங்கு. பலகைத் தரை, ஒரு பக்கச் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. வாரத்துல ஒரு நாள், லீவு நாள் மத்தியானம், அங்க வளைய ஆட்டம் நடக்கும். தச்சன், டிரைவர், நர்சம்மா, தையல்காரி, எல்லாம் வேலைக்குப் போற ஜனம். முப்பது பேர் கையைக் கோத்து வட்டமா நின்னு, கொட்டுக்காரர் அடிக்கிற சத்தத்துக்கு மெதுவா நகருவாங்க. வட்டத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஜோடி. ஆளுக்காள் மணிக்கட்டைப் பிடிச்சு, பின்னால சாஞ்சு, பம்பரம் மாதிரி சுத்தணும். நடு வேகமெடுத்தா வளையம் வேகமெடுக்கும், நடு நின்னா வளையம் நிக்கும். வளையத்துல ஒருத்தர் கையை விட்டுட்டுப் போயிட்டா பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரும் உடனே கையைக் கோத்துக்குவாங்க, ஓட்டை விழ விட மாட்டாங்க. நடுவுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அங்க ஒருத்தர் போனா ரெண்டு பேரும் போன மாதிரி.

இருபத்திரண்டு வருஷமா அந்த நடு, மடிப்பக்காவுக்கும் அவ புருஷனுக்கும். இப்ப பதினோரு மாசமா காலி. காலியான நடுவைச் சுத்தி வளையம் ஆடுது. ஒருத்தர் முன்னால போறாங்க, ஒருத்தர் பின்னால இழுக்குறாங்க, நூல்கண்டுல பூனை விழுந்த மாதிரி ஆகுது. ஒரு வருஷத்துக்கு மேல நடுவைக் காலியா விடக் கூடாதுன்னு அந்த ஆட்டக் கூடத்துல ஒரு பழக்கம்.

"கொக்கு கூட ஆடேன் அக்கா. அவரும் சரின்னுட்டாரு. உன் இடம் உன்கிட்டயே இருக்கும்ல?"

கொக்குன்னா தபால்காரர். நல்ல உயரம், காலும் அந்த மாதிரி.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

"கேளு, கேளு. அவரு என்ன, உன்னை வேணாம்னா சொல்லப் போறாரு? வேணும்னும் சொல்ல மாட்டாரு. அதானே உன் பிரச்சினையே."

குண்டூசி வாயில இருந்து வந்தா அப்படித்தான், குத்திட்டு வெளிய வரும். மடிப்பக்கா முகத்தை ஷீட்டுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டா. ஷீட்டு நல்ல சூடு.

*

அவ புருஷன் லிஃப்டு மெக்கானிக். பதினோரு மாசத்துக்கு முன்னால ஒரு கட்டடத்துல லிஃப்டுக் கூண்டு மேல உக்காந்து வேலை பாத்துட்டிருந்தவரு, ஸ்பேனர் எடுக்க இடப்பக்கம் திரும்பியிருக்காரு. அவ்வளவுதான். கட்டடமே சுத்திருச்சு. கம்பிக் கயித்தைக் கட்டிப் பிடிச்சுக் கண்ணை மூடிக்கிட்டவரை ரெண்டு பேர் வந்து விரல் விரலாப் பிரிச்சு எடுத்துத்தான் கீழ இறக்குனாங்க. இடது காதுக்குள்ள நிலை நிறுத்துற நரம்பு கெட்டுப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. சில பேருக்குச் சரியாகும், சில பேருக்கு ஆகாது, பாப்போம்னாரு. இப்ப கம்பெனி ஸ்டோர்ல உக்காந்து போல்ட்டு நட்டு பிரிக்கிற வேலை. காலையில இவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடுவா, சாயங்காலம் கூட்டிட்டு வருவா. வழியில பேச்சு இல்ல. பேசினா இவ பக்கம் திரும்பணும், திரும்பினா தலை சுத்தும்.

வீட்டுல ஒரு நாற்காலி, அதுக்கு நேரா சுவர், சுவர்ல ஒரு ஆணி. முன்னாடி அதுல காலண்டர் தொங்குச்சு. ஃபேன் காத்துல தாள் படபடன்னு ஆடுது, பாக்க முடியலைன்னு அதை எடுக்கச் சொல்லிட்டாரு. இப்ப வெறும் ஆணி. அசையாத ஒண்ணைப் பாத்துட்டிருந்தா அவருக்குத் தலை நிக்கும். அதனால அந்த ஆணியைத்தான் பாப்பாரு. இவ ரொட்டி வாட்டுவா, முட்டை உடைப்பா, குறுக்கும் நெடுக்குமா நடப்பா. அவரு ஆணியைப் பாப்பாரு. பிள்ளைங்க இல்லாத வீடு. முன்னெல்லாம் அது ஒரு குறையாவே தெரிஞ்சதில்ல. இப்ப தட்டு வைக்கிற சத்தம்கூடப் பெருசாக் கேட்டுச்சு. சில நாள் அந்த ஆணி மேல இவளுக்குப் பொறாமையே வரும்.

அன்னைக்குச் சாயங்காலம் உருளைக்கிழங்கு தோலை உரிச்சுக்கிட்டே கேட்டா.

"ஏங்க, நடுவை என்ன பண்றதுன்னு கொட்டுக்காரரு கேக்குறாரு."

"ம்."

"கொக்கு கூட ஆடச் சொல்றாங்க."

ஆணியைப் பாத்துக்கிட்டே, "அவன் கால் நீளமாச்சே. நீ மிதிபடுவ" ன்னாரு.

"அதான் உங்க பதிலா?"

"வேற என்ன சொல்லணும்?"

"போகாதேன்னு சொல்லுங்க. இல்ல போன்னு சொல்லுங்க. ஏதோ ஒண்ணைச் சொல்லுங்களேன்."

"போ."

"மனசாரவா?"

"மனசு வேற, காது வேற. என் காது போச்சு, உன் கால் நல்லாத்தானே இருக்கு? நல்லாருக்கிற காலை எதுக்கு வீட்டுல கட்டி வைக்கணும்? போ. போய் ஆடு."

அவரு அத்தனை வார்த்தை சேர்ந்தாப்ல பேசி மாசக்கணக்காச்சு. அதுவும் போன்னு சொல்றதுக்காக. இவ கிழங்கைத் தண்ணியில போட்டா, ரெண்டு சொட்டு வெளிய தெறிச்சுது. துடைக்கல.

*

லீவு நாள் மத்தியானம் தனியாப் போனா. ரெண்டு பேரா நடந்து பழகின தெரு, தனியா நடந்தா ரொம்ப அகலம்.

கூடத்துல எல்லாரும் வந்து கையைப் பிடிச்சாங்க, தோளைத் தட்டுனாங்க. அவரு எப்படியிருக்காருன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம அடுத்த ஆளைப் பாத்துச் சிரிச்சாங்க. தப்பு சொல்ல முடியாது. பதினோரு மாசமா ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேப்பாங்க?

கொக்கு புதுச் சட்டை போட்டுட்டு வந்திருந்தாரு. "அக்கா, கடுதாசி குடுத்துப் பழகின கை. கெட்டியாப் பிடிச்சா மன்னிச்சுக்கங்க" ன்னாரு.

"கெட்டியாப் பிடிக்கலைன்னாத்தான் தம்பி பிரச்சினை. சுவத்துல போய் ஒட்டிக்குவேன்."

வளையம் சேர்ந்துச்சு. கொட்டு ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் மணிக்கட்டைப் பிடிச்சு, காலை நடுவுல ஊனி, சாஞ்சாங்க. ஒரே தள்ளு.

அவரு ஒரு பக்கம் போனாரு, இவ ஒரு பக்கம் போனா. முழங்கால் முழங்கால்ல இடிச்சு, கொக்கு மடங்கி, இவ மேலேயே சரிஞ்சு, ரெண்டு பேரும் பலகையில தொம்முனு விழுந்தாங்க. வளையம் மொத்தமும் சிரிச்சுது. குண்டூசிதான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சா, "தபால் தப்பான விலாசத்துக்குப் போயிருச்சு" ன்னு.

கொட்டுக்காரரு எந்திரிச்சு வந்தாரு. அறுபது வயசு, பெரிய மீசை, சின்னக் குரல். குனிஞ்சு இவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு. "வலது கால்மா. உலகமே வலது காலைத்தான் ஊனும். இடது காலைத் தள்ளி வலப்பக்கமாச் சுத்தணும். உங்க வீட்டு ஆட்டம்தானே தலைகீழ்."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"அவருக்கு முன்னால நான் இங்க ஆடிட்டிருந்தவதானே."

நெசந்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே இவ வளையத்துல இருந்தா. அவரு ஒரு நாள் கிடங்குச் சாமான் லிஃப்டை ரிப்பேர் பண்ண வந்தாரு. வேலை முடிஞ்சும் போகல. ஆடுற பொண்ணுங்களை நேராப் பாக்கக் கூச்சம். கண்ணாடிப் பக்கமாத் திரும்பி நின்னு, அதுல தெரிஞ்சதைப் பாத்தே கத்துக்கிட்டாரு. ஆறு வாரம் அப்படி. கண்ணாடியில வலது கால் எதுன்னு மனுஷன் யோசிக்கல. ஏழாவது வாரம் வந்து இவ கிட்ட கையை நீட்டி, "நான் கத்துக்கிட்டேன்" ன்னாரு. முகம் அப்படிப் பளிச்சுன்னு இருந்துச்சு. இடது காலைக் கொண்டு வந்து நடுவுல ஊனுனாரு. அந்த முகத்தைப் பாத்து, தப்புன்னு சொல்ல இவளுக்கு வாய் வரல. சத்தமில்லாம தன் காலை மாத்திக்கிட்டா. அன்னையில இருந்து இடப்பக்கச் சுத்து. பாக்குறவங்க அதை அவங்க பாணின்னு நெனச்சாங்க. கொட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவரும் கொட்டை அடிக்கிறதோட சரி.

இப்ப எந்திரிச்சு, வலது காலை ஊனுனா. முதல் சுத்து தடுமாறுச்சு. ரெண்டாவது பரவாயில்ல. மூணாவதுல இருந்து உடம்புக்கு அடியில எங்கேயோ கிடந்த பழைய பழக்கம் எந்திரிச்சு வந்துருச்சு. எவ்வளவு லேசா இருக்கு! பலகை தானா நழுவுது. கொக்கு நல்லா ஆடுவாரு. நீளக் கை, நல்ல சாய்மானம். வளையம் இவங்களைப் பாத்து வேகமெடுத்துச்சு. பதினோரு மாசத்துக்கு அப்புறம் வளையம் ஒரே மூச்சுல ஓடுச்சு. கொட்டுக்காரரு கண்ணை மூடிக்கிட்டாரு. இவ சிரிச்சா. சிரிக்கிறோம்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டா.

சுத்துறப்ப எதிர்ல இருக்கிறவங்க முகத்தைத்தான் பாக்கணும். அதுதான் பாடம். எல்லாம் ஓடும், அந்த ஒரு முகம் ஓடாது. இருபத்திரண்டு வருஷமா இவ அவரு முகத்தைத் தவிர வேற எதையும் பாத்ததில்ல, அதனால தலையும் சுத்துனதில்ல. இப்ப கொக்கு முகம். நல்ல மனுஷன் முகம்தான். ஆனா அதைப் பாத்துட்டே இருக்க முடியல. கண்ணு தானா அவரு தோளைத் தாண்டி வெளிய போச்சு. கண்ணாடி, சன்னல், விளக்கு, முப்பது முகம், எல்லாம் கோடு கோடாக் கலைஞ்சு ஓடுச்சு. வயித்தைப் பிரட்டுச்சு. கால் எங்க இருக்குன்னு தெரியல.

"நிறுத்துங்க தம்பி" ன்னா.

வளையம் நின்னுச்சு. கை தட்டுனாங்க. இவ போய் ஓரத்து பெஞ்சுல உக்காந்து, தரையில பலகையை முடுக்கியிருந்த ஒரு போல்ட்டுத் தலையையே பாத்துட்டிருந்தா. கொஞ்ச நேரத்துல தலை நின்னுச்சு. இதுதானா? இப்படித்தான் அவருக்கு எந்நேரமும் இருக்குதா?

குண்டூசி தண்ணி கொண்டு வந்தா. இவ குடிச்சுட்டு, எந்திரிச்சு நேரா வீட்டுக்குப் போனா.

*

"ஆடினியா?" ன்னாரு, ஆணியைப் பாத்துக்கிட்டு.

"ஆடினேன்."

"மிதிச்சானா?"

"விழுந்தோம்."

அவரு வாய் ஓரம் லேசாக் கோணுச்சு. சந்தோஷமா வருத்தமான்னு சொல்ல முடியாது.

"அப்புறம் சரியாப் போச்சு. வலது காலை ஊனினேன். வலப்பக்கமாச் சுத்தினேன்."

"ஏன் அப்படி?"

இவ நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவுல வந்து, ஆணியை மறைச்ச மாதிரி நின்னா. இப்ப அவரு இவளைத்தான் பாத்தாகணும்.

"எல்லாரும் அப்படித்தாங்க சுத்துவாங்க. நாம மட்டுந்தான் மாத்தி."

"மாத்தியா? நீ அப்படித்தானே ஆடுவ?"

"நீங்கதான் அப்படி ஆடுனீங்க. நான் மாத்திக்கிட்டேன்."

அவரு சின்ன மெஷின்ல எங்க சிக்குதுன்னு காது குடுத்துக் கேக்குற மாதிரி இருந்தாரு. "கண்ணாடி" ன்னாரு அப்புறம். "அட, கண்ணாடியிலல்ல பாத்தேன்."

"ஆமா."

"இருபத்திரண்டு வருஷமா தலைகீழாச் சுத்தியிருக்கேன்?"

"ரெண்டு பேருந்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊரே சிரிச்சிருக்கும். இந்த லட்சணத்துல நான் லிஃப்டுல மேல போற வயரு எது, கீழ வர்ற வயரு எதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கேன்!" முகம் சிவந்துச்சு. கோவம்னுதான் இவ நெனச்சா. ஆனா அவரு நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. தலையை ஆட்டாம, கழுத்தை விறைப்பா வெச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சாரு. பதினோரு மாசத்துல முதல் சிரிப்பு. இவ சிரிக்கல. பயந்துட்டே பாத்தா, சிரிப்பு நின்னுருமோன்னு.

நின்னுச்சு.

"எந்தக் கால்னு சொன்ன?"

"வலது."

"காட்டு."

"ஏங்க, வேணாம்..."

"இடப்பக்கம் திரும்பினாத்தான் எனக்குக் கட்டடம் சுத்துது. வலப்பக்கம் அந்த அளவு இல்ல. டாக்டரே சொன்னாரு. காட்டு."

இவ மேசையை இழுத்து ஓரமாப் போட்டா, பாயைச் சுருட்டுனா. அவரு எந்திரிச்சாரு. மணிக்கட்டைப் பிடிச்சாங்க. போல்ட்டு பிரிச்சுப் பிரிச்சு விரல் நுனியெல்லாம் கறுத்து, சொரசொரன்னு இருந்துச்சு. வலது காலுக்குப் பக்கத்துல வலது கால். சாயல, கொட்டு இல்ல, ஒரு ஒரு அடியா நகர்ந்தாங்க. அவரு கண்ணு இவ முகத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு.

"ஒண்ணு" ன்னாரு.

இவ மூச்சு விடல.

"ரெண்டு."

மூணாவதுல பாதி. அவரு பிடி இறுகி இவ எலும்பு வலிச்சுது. முகம் வெளுத்துச்சு. இவ அப்படியே தாங்கிப் பிடிச்சு உக்கார வெச்சு, வாளியை நீட்டுனா. மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துருச்சு. வாயைக் கழுவி விட்டா. அவரு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு.

"ரெண்டரை" ன்னாரு. "அதுக்கு மேல இல்ல. இனி இல்லவே இல்லன்னுதான் தோணுது. நடுவைக் குடுத்துரு."

"ம்."

"நீ கொக்கு கூட ஆடு."

"ஆட மாட்டேன். அவரு முகத்தைப் பாக்க முடியல."

"அவ்வளவு மோசமாவா இருக்கான்?"

"உங்க ஆணியை விட மோசம்."

இவ வாளியைக் கழுவப் போனா. உள்ள இருந்தே கேட்டா: "வளையத்துல வேணா நிக்கட்டுமா? ஓரமா?"

"பெஞ்சு அங்கேயேதான் இருக்கா?" ன்னாரு.

*

அடுத்த லீவு நாள் ரெண்டு பேரும் போனாங்க. பத்து நிமிஷ வழிக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அவரைப் பெஞ்சுல உக்கார வெச்சு, தரையில இருந்த போல்ட்டுத் தலையைக் காட்டுனா. "இதைப் பாத்துட்டிருங்க. கெட்டியான போல்ட்டு. நான் பாத்துட்டேன்."

"அரை இஞ்சு" ன்னாரு, பாத்த உடனே.

ஓடுற வளையத்தை அவரால பாக்க முடியாது. முப்பது பேர் கண் முன்னால நகர்ந்தா போதும், கட்டடம் கிளம்பிரும். இவளுக்குத் தெரியும். நடுவைக் குடுத்துட்டேன்னு கொட்டுக்காரருக்குத் தலையை மட்டும் அசைச்சா. அவரு புரிஞ்சுக்கிட்டாரு. கொக்கும் குண்டூசியும் நடுவுக்குப் போனாங்க. கொக்குக்கு இடுப்புதான் வருவா அவ. யாரோ விசில் அடிச்சாங்க. "சிரிக்கிறவங்க வீட்டு ஷீட்டை எல்லாம் ஈரமாவே மடிச்சு அனுப்பிருவேன்" ன்னா குண்டூசி.

மடிப்பக்கா வளையத்துல நர்சம்மாவுக்கும் தச்சனுக்கும் நடுவுல புகுந்தா. ரெண்டு பேரும் கையை விலக்கி இடம் குடுத்தாங்க. இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் வளையத்துல. ஒரு பக்கம் மருந்து வாசனைக் கை, ஒரு பக்கம் மரத்தூள் கை. ரெண்டும் நல்ல கைதான். ரெண்டும் அவளோடது இல்ல.

கொட்டு ஆரம்பிச்சுது. நடு சுத்துச்சு, வலப்பக்கமா, எல்லாரையும் மாதிரி. வளையம் நகர்ந்துச்சு. கண்ணாடிச் சுவரைத் தாண்டி, சன்னலைத் தாண்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தடவை பெஞ்சு வரும். அவரு குனிஞ்சு போல்ட்டைப் பாத்துட்டிருந்தாரு. அவரு கண்ணுக்குத் தெரியறதெல்லாம் கால் மட்டுந்தான். அறுபது கால். இவ கால் அந்தப் போல்ட்டைத் தாண்டுறப்ப, முழங்கால் மேல வெச்சிருந்த கையில ஆள்காட்டி விரல் மட்டும் எழும்புச்சு. அவ்வளவுதான். மறுபடி படுத்துக்கிச்சு.

ரெண்டாவது வட்டம். விரல் எழும்புச்சு. மூணாவது, நாலாவது. நர்சம்மா கால், தையல்காரி கால் எதுக்கும் எழும்பல. தேஞ்ச செருப்பை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாரோ! பெஞ்சு எப்ப வரும், எப்ப வரும்னு இவ எதிர்பார்த்துட்டே சுத்துனா. நடுவுல இருந்தப்ப இந்த எதிர்பார்ப்பு கிடையாது. அங்க எப்பவும் முகத்துக்கு முகம்.

அஞ்சாவது. எழும்புச்சு. ஆறாவது. கொஞ்சம் லேட்டா எழும்புச்சு.

ஏழாவது வட்டத்துல விரல் எழும்பல. ரெண்டு கையும் முழங்கால் மேலேயே இல்ல. கையை விட்டுட்டு ஓடலாம்னு விரலைத் தளர்த்துறப்பதான் பாத்தா. ரெண்டு கையாலயும் பெஞ்சுப் பலகையை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. முகம் சுண்ணாம்பா வெளுத்து, நெத்தியில வேர்வை. கட்டடம் மொத்தமும் அவரைச் சுத்தி ஓடிட்டிருக்கணும்.

அவரு தலையைத் தூக்கி இவ முகத்தைப் பாத்துட்டிருந்தாரு.

வளையம் இவளை இழுத்துக்கிட்டுப் போச்சு.